மஞ்சள் கயிற்றில் ஊக்குகள்

என் கணவருக்குக் கையில் முள் ஏறினால் முதலில் என் கழுத்தைத்தான் தேடுவார். "இங்க வா புள்ள" என்பார். நான் அடுப்படியில் நின்றாலும் சரி, துணி மடித்துக்கொண்டிருந்தாலும் சரி, பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். சட்டைக்குள் கிடக்கும் தாலிக் கயிற்றை இரண்டு விரலால் மெல்ல வெளியே இழுத்து, அதில் தொங்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றுவார். நுனியைத் தீக்குச்சியில் காட்டிவிட்டு, வாசல் வெளிச்சத்தில் நின்று முள்ளை நெம்பி எடுப்பார். முடிந்ததும் ஊக்கைக் கைலியில் துடைத்துத் திரும்பவும் என் கயிற்றிலேயே கோத்துவிடுவார். கோக்கும்போது அவர் தலை குனிந்திருக்கும். தேய்த்த எண்ணெயின் வாசனை வரும். அவ்வளவு நேரமும் நான் மூச்சை மெதுவாக விடுவேன்.

தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற வேலை அவருக்கு. வெட்டிய குச்சிகளின் சிராய் கையில் ஏறாத வாரம் இருக்காது. எங்களுக்குள் பேச்சு குறைவு. நாங்கள் இரண்டு பேரும் நெருங்கி நின்றது அநேகமாக அந்த ஊக்கை எடுக்கிறபோதும் கோக்கிறபோதும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

தாலிக் கயிற்றில் ஊக்கு மாட்டுவது எங்கள் பெண்களிடம் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். சட்டையின் பொத்தான் தெறித்தால், சேலை விலகினால், கைக்கு எட்டும் இடத்தில் ஊக்கு இருக்க வேண்டும். இன்னொரு காரணமும் சொல்வார்கள். இரும்பு உடம்போடு இருந்தால் காற்று கருப்பு அண்டாதாம். கம்போங் ராஜா என்கிற சின்ன மலாய் மலை ஊருக்கு மேலே, காட்டை ஒட்டிய எங்கள் தேயிலைத் தோட்டத்தில், காலையில் பக்கத்தில் நிற்கிறவள் முகம் தெரியாத பனியில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு தைரியம்.

எனக்குத் தைரியம் எப்போதுமே பற்றாது. தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. தம்பி தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்ப்பேன். எழுந்து அழுதால் ஏன் அழுகிறான் என்று பயப்படுவேன். என் அப்பா சிரிப்பார். "பயப்பட ஒண்ணும் கெடைக்கலன்னா, ஏன் கெடைக்கலன்னு அதுக்கும் பயப்படுவாளே இவ!"

எழுபதுகளின் நடுவில் ஒருநாள் என் கணவர் சிங்கப்பூருக்குப் போனார். கப்பல் பட்டறையில் வேலை. தோட்டத்து ஆண்கள் சிலர் முன்பே போயிருந்தார்கள். ஒருவர் வந்து கூப்பிட்டார், இவரும் கிளம்பிவிட்டார். கம்போங் ராஜாவில் பஸ் ஏறும்போது, "தீபாவளிக்கு வந்துருவேன்" என்றார். "உசரத்துல ஏறி வேல செய்யணுமாங்க?" என்று கேட்டேன். "கப்பல்னா உசரமா இல்லாம எப்படி இருக்கும்?" என்றார். அந்தப் பதிலைத்தான் பிறகு பல மாதம் மென்றுகொண்டிருந்தேன். பஸ் கோலா தெர்லா பக்கம் திரும்புகிற வரைக்கும் பார்த்துவிட்டு, காய்கறி லாரி ஒன்றில் ஏறித் தோட்டத்துக்குத் திரும்பினேன்.

எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. மாமனாரும் மாமியாரும் பக்கத்து லயத்து வரிசை வீடு ஒன்றில் மூத்த மகனோடு இருந்தார்கள். என் வீட்டில் நான் மட்டும். ஒரு ஆளுக்குச் சமைப்பது எனக்குத் தெரியவில்லை. முதல் வாரங்களில் சோறு மிஞ்சிக்கொண்டே இருந்தது.

அவர் போய்ச் சில மாதங்களில் அது வந்தது. கழுத்துக் குழிக்குக் கீழே, நெஞ்செலும்பின் மேல், காசு அளவுக்கு ஒரு சிவப்பு. முதலில் அரிப்பு மட்டும். பிறகு பொடிப்பொடியாக நீர்க் கொப்புளம். சொறிந்தால் உடைந்து கசிந்தது. காய்ந்து பொருக்குத் தட்டியது. பொருக்கு உதிர்வதற்குள் அடுத்தது.

அவர் போன பிறகுதான் நான் களைக்கொல்லி மருந்தடிக்கிற கூட்டத்தில் சேர்ந்திருந்தேன். முதுகில் டப்பாவைச் சுமந்துகொண்டு தேயிலை வரிசைக்கு இடையே அடித்துப் போகிற வேலை. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. தோட்டத்து மருந்தகத்தில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரசரும் எட்டி நின்று பார்த்துவிட்டு, "மருந்துதான். ஒத்துக்கல" என்றார். ஊதா நிறத் தண்ணீரைப் பஞ்சில் தொட்டுக் கொடுத்து, கங்காணியிடம் சொல்லி என்னைக் கொழுந்தெடுக்கிற கூட்டத்துக்கு மாற்றிவிட்டார்.

ஒன்று மட்டும் எனக்கு இடித்தது. மருந்து கலக்கும்போது என் கை முழங்கை வரை நனையும். கையில் ஒரு புள்ளி கிடையாது. மருந்து தெறிக்கிற காலிலும் கிடையாது. இரண்டு சட்டைக்கும் ஒரு கம்பளிச் சட்டைக்கும் உள்ளே மூடிக்கிடந்த நெஞ்சில் மட்டும் ஏன்? யாரிடம் கேட்பது? கேட்டால் சிரிப்பார்களோ என்று அதற்கும் பயம். கேட்கவில்லை.

கொழுந்து மலைக்குப் போயும் புண் ஆறவில்லை. மழை மாதங்கள் வந்தன. இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள், மேலே பழைய மழைக்கோட்டு, முதுகில் கூடை. வெளியே குளிர், உள்ளே வேர்வை. மழைத்தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி அங்கேயே நிற்கும். குனிந்து குனிந்து எடுக்கும்போது, சிவப்பு இடது பக்கமும் வலது பக்கமும் பரவ ஆரம்பித்தது.

பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லோரும் ஓரிடத்தில் உட்காருவோம். ஒரே தகரக் குவளைதான் கை மாறும். ஒருநாள் குவளை என்னிடம் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, என் வரிசைக்கு அடுத்த வரிசையில் கொழுந்தெடுப்பவர், தன் போத்தல் மூடியில் ஊற்றி என் முன்னால் தரையில் வைத்தார்.

"தப்பா எடுத்துக்காத தங்கச்சி. வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்குலா."

"இது ஒட்டுவாரொட்டி இல்லக்கா."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நான் குடித்துவிட்டு மூடியைப் புல்லில் துடைத்தேன். அக்கா அதை எடுத்துச் சுடுதண்ணீரில் அலசினார். நான் பார்க்காத மாதிரி மலையைப் பார்த்தேன்.

சங்கடத்தைப் போக்குவதற்கோ என்னவோ, எதிரே இருந்த ஒருத்தி குரல் கொடுத்தாள். "வியாதியும் இல்ல ஒண்ணும் இல்ல! புருசன் நெனப்பு நெஞ்சுல கெடந்து எரியுதுலா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் எனக்குள் விழுந்து அங்கேயே கிடந்தது. மதியம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு நடக்கும்போது கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். புண் இருந்த இடத்தில் தாலி கிடந்தது. இத்தனை நாளும் இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேனே. தாலி படுகிற இடத்தில்தான் புண். தாலி நகர்கிற பக்கமெல்லாம் புண். அவர் போன பிறகுதான் புண்.

அன்றிலிருந்து அது எனக்கு வியாதி இல்லை, சேதி. எரிச்சல் குறைந்த நாளில், அவர் நன்றாக இருக்கிறார், வயிறாரச் சாப்பிட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். எரிச்சல் கூடிய நாளில், அவர் எங்கோ உயரத்தில் கால் வழுக்கி நிற்பது கண்ணுக்குத் தெரியும். ஆபீஸ் கணக்கெழுதுகிற கிராணிதான் தந்தி வந்தாலும் கொண்டுவருவார்; அவர் மோட்டார் சைக்கிள் மலையடியில் நின்றால் என் கை கொழுந்தை விட்டுவிடும். யாருக்கோ வேலை சொல்ல வந்திருப்பார். மோட்டார் திரும்பிப் போகிற சத்தம் கேட்டால்தான் எனக்குக் கை ஓடும். என் கணவருக்குக் கடிதம் எழுத வராது. வந்த ஒன்றிரண்டிலும் 'நலம், நலமறிய ஆவல்' என்பதற்கு மேல் இருக்காது. அந்தத் தாளைவிட என் நெஞ்சு நிறையப் பேசியது.

லயத்தில் பேச்சு பரவி மாமியார் காதுக்குப் போனது. ஒரு சாயங்காலம் வந்தார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"தாலி படுற எடம்" என்றார்.

"ஆமாங்கத்த."

"கழட்டுனியா?"

"இல்ல."

"கழட்டிறாத தாயி." என் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ சொன்னாலும் கழட்டிறாத. எம்புள்ள தண்ணிக்கு மேல நின்னு வேல செய்யுறான்."

அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவரும் என்னைப் போலவே பயந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கம்போங் ராஜாவுக்குப் போய்ச் சீனர் கடையில் ஒரு அட்டை ஊக்கு வாங்கி வந்தார். பளபளவென்று புது ஊக்குகள். கோயிலில் வைத்துக் கும்பிட்டு, திருநீறு பூசி, அவரே என் கயிற்றில் மூன்றைக் கோத்துவிட்டார்.

"இரும்பு கூட இருந்தா ஒண்ணும் அண்டாது."

கயிற்றுக்கு மஞ்சளும் கெட்டியாக அரைத்துத் தடவினார். இரண்டு நாளில் புண் இன்னும் சிவந்தது. அவர் மறுபடி வந்து பார்த்தார். "பலமாத்தான் புடிச்சிருக்கு" என்று இன்னும் இரண்டு ஊக்குகளை மாட்டினார். நடந்தால் என் சட்டைக்குள் சாவிக்கொத்து மாதிரிச் சத்தம் கேட்கும். புண் பெரிதாகப் பெரிதாக இரும்பைக் கூட்டினோம். இரும்பைக் கூட்டக் கூட்டப் புண் பெரிதானது. எங்கள் இருவருக்கும் அதில் ஒன்றுமே உறைக்கவில்லை.

ஒரு நாள் விடியலிலிருந்தே எரிச்சல். சட்டைத் துணி பட்டால்கூட உயிர் போனது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகாமல் நேராக ஆபீசுக்குப் போய்விட்டேன். வாழ்நாளில் முதல் தடவை. கிராணி கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"என்னம்மா?"

"ஐயா, சிங்கப்பூருக்கு ஒரு போன் போடணுங்கய்யா."

"எந்த நம்பருக்கு?"

எனக்கு நம்பர் தெரியாது. கம்பெனி பேர் தெரியாது. "கப்பல் பட்டற" என்றேன்.

"சிங்கப்பூர் பூரா கப்பல் பட்டறதான். என்ன விசயம், யாருக்கு என்ன ஆச்சு?"

"நெஞ்சு எரியுதுங்கய்யா."

"யாருக்கு, அவனுக்கா?"

"எனக்கு."

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். "ஒனக்கு நெஞ்சு எரிஞ்சா டிரசர்கிட்ட போகணும். போனு என்ன செய்யும்?" அங்கே இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் கிராணியின் குரல் மாறியது. டிரசரைக் கூப்பிட்டு, "இத ஏன் இன்னும் இங்கயே வச்சிருக்க? டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுலா" என்றார்.

மறுநாள் தானா ராத்தாவுக்குப் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் சீனப் பெண் டாக்டர், சின்ன வயது. மலாய்தான் பேசினார். கூட நின்ற தமிழ் ஆயா எனக்குத் தமிழில் சொன்னார். டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு என் கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஆயாவிடம் என்னவோ சொன்னார்.

"கொஞ்ச நாளைக்கு இதையெல்லாம் கழட்டி வக்கச் சொல்றாங்க."

இரண்டு கையாலும் தாலியைப் பொத்திக்கொண்டேன். தலையை மட்டும் ஆட்டினேன், மாட்டேன் என்று. டாக்டர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"தாக்குட்?" என்றார்.

அந்த மலாய்ச் சொல் எனக்கே தெரியும். பயமா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஆயா டாக்டரிடம் மெதுவாக விளக்கிச் சொன்னார். புருசன், சிங்கப்பூர் என்ற சொற்கள் என் காதில் விழுந்தன. டாக்டர் வாதாடவில்லை. வேறொன்று கேட்டார். சின்ன வயதில் மட்டமான தோடு போட்டு எனக்குக் காது கசிந்திருக்கிறதா?

ஆச்சரியமாக இருந்தது. தேர்த் திருவிழாவில் அப்பா வாங்கித் தந்த பளபளப்பான தோடு. ஒரு வாரத்தில் இரண்டு காதும் சீழ் பிடித்து, தோட்டைக் கழற்றி ஈர்க்குச்சி செருகிவிட்டார்கள். "இவளுக்குக் காது ராசி இல்ல" என்று அம்மா சொல்வார். அதை இந்த டாக்டருக்கு யார் சொன்னது?

"அப்ப ரெண்டுல ஒண்ணு" என்று ஆயா சொன்னார். "ஒண்ணு கயிறு. அந்தச் சாயம், மஞ்சளு. இல்லன்னா ஊக்கு. எதுன்னு பாத்துருவோங்கறாங்க."

ஆயா என் பின்னால் வந்து, கயிற்றின் முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலில் நூலளவு வெட்டினார். "முடிச்சத் தொடல தங்கச்சி, பயப்படாத" என்றார். அந்தத் துணுக்கை நனைத்து என் இடது புஜத்தில் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். ஊக்கு ஒன்றை மூடி, அதையும் நனைத்து, வலது புஜத்தில் வைத்து ஒட்டினார்கள். தண்ணீர் படக்கூடாது. இரண்டு நாள் கழித்து வர வேண்டும். அதுவரை தாலியைக் கம்பளிச் சட்டைக்கு மேலே போட்டுக்கொள்ள வேண்டும், தோலில் படக் கூடாது.

"கயிறுன்னா?" என்று ஆயாவிடம் கேட்டேன்.

"கயிறுன்னா கழட்டத்தான் வேணும். வேற வழி?"

பஸ்ஸில் வரும்போது இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நெஞ்சுக்கு மேலே தாலியும் ஊக்குகளும் வெளியே தொங்க உட்கார்ந்திருந்தேன். பிரிஞ்சாங்கில் ஏறிய ஒரு மலாய்க்காரம்மா பார்த்துப் புன்னகை செய்தார். ஏதோ நகை என்று நினைத்திருப்பார்.

அந்த இரண்டு நாளும் மாமியார் என் வீட்டிலேயே இருந்தார். சோறு ஆக்கினார். என் தலைமுடியைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். அந்த வீட்டில் இரண்டாவது ஆள் மூச்சுவிடுகிற சத்தம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"எந்தக் கை அரிக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ரெண்டுந்தாங்கத்த."

"நல்லா நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். நினைத்த இடமெல்லாம் அரித்தது. இடது கையை நினைத்தால் இடது. வலதை நினைத்தால் வலது. உள்ளங்காலை நினைத்தால் அதுவும்.

"வலதுன்னு சொல்லு தாயி" என்றார், கெஞ்சுகிற மாதிரி. என் கை சொல்லப்போவதை அவர் என்னிடமே வாங்கிவிடப் பார்த்தார். நான் சுவரில் இருந்த முருகன் படத்தையும் பிளாஸ்திரியையும் மாறி மாறிப் பார்த்தேன். இடது கை சிவந்திருந்தால் கழற்ற வேண்டும். கழற்றிய அன்று சிங்கப்பூரில் என்ன நடக்கும்? நடந்தால் எத்தனை நாளில் எனக்குத் தெரியவரும்? அதுவரை நான் ஒன்றும் தெரியாமல் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பேனா? இப்படியே போனது.

ஆஸ்பத்திரிக்கு மாமியாரும் வந்தார். டாக்டர் முதலில் இடது கையின் பிளாஸ்திரியை உரித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாமியார் என் தோளை இறுக்கிப் பிடித்தது தெரிந்தது. பிறகு அந்தப் பிடி தளர்ந்தது. கண்ணைத் திறந்தேன். தோலில் மஞ்சள் கறை மட்டும் நூலாக ஒட்டியிருந்தது. துடைத்தால் போய்விட்டது.

வலது கையை உரித்தார்கள். அங்கே ஒரு ஊக்கு சிவப்பாக அச்சுக் குத்தியிருந்தது. தலை, உடம்பு, சுருள், எல்லாம் அப்படியே. அதன் மேல் பொடிக் கொப்புளங்கள். என் நெஞ்சில் இருந்ததேதான்.

டாக்டர் விளக்கியதை ஆயா தமிழில் சொன்னார். ஊக்கின் மேல் ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கிறதாம், அதற்கு நிக்கல் என்று பெயர். வேர்வையும் மழைத்தண்ணீரும் பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தோலுக்குள் இறங்கும். "போட்ட மொத நாளே ஒண்ணும் செய்யாது. வருசக்கணக்காகூட சும்மா கெடக்கும். ஒரு நாளு ஒடம்பு அத எதிரின்னு முடிவு கட்டிரும். ஒன் ஒடம்பு அந்தத் தோட்டுலயே முடிவு கட்டிருச்சு. ஊக்குப் பூச்சு இப்ப டப்பா சுமந்து வேர்த்ததுல கரைஞ்சு எறங்கவும் அது நெனவு வந்துருச்சு. இனி மறக்காது. சாகுறவரைக்கும் மறக்காது."

ஒன்றும் செய்யாத பொருளை எதிரி என்று நினைத்துத் தன்னையே புண்ணாக்கிக்கொள்கிற தோல். நான் வெட்கப்பட்டேன். என் தோல் என்னைப் போலவே இருந்தது.

"எல்லாருக்கும் இப்படி ஆகுமா?" என்று மாமியார் கேட்டார். இல்லை, சிலருக்குத்தான் என்றார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது என்றும் சொன்னார்கள். மாமியார் தன் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினார். அவர் கழுத்தில் எத்தனையோ வருடமாக ஊக்கு தொங்குகிறது, தோல் சுத்தமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோலா தெர்லா தாண்டியதும் என் பக்கம் திரும்பி, என் கயிற்றிலிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பழையது, தான் வாங்கிக் கோத்தது எல்லாம். எல்லாவற்றையும் தன் கயிற்றில் மாட்டிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் செய்யாதுல்ல" என்றார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் கொடுத்த களிம்பைப் பூசினேன். சட்டையின் உலோகக் கொக்கிகளைப் பிய்த்துவிட்டுத் துணிப் பொத்தான் தைத்தேன். சில வாரங்களில் நெஞ்சு ஆறியது. முதலில் கருப்பாகத் தழும்பு, பிறகு அதுவும் மங்கியது. பக்கத்து வீட்டு அக்கா சட்டையை விலக்கிப் பார்த்து, "அட, ஊக்குக்கா இத்தன கூத்து!" என்றார். தகரக் குவளை திரும்பவும் என் கைக்கு வந்தது. நான் குடித்துக் கொடுத்தேன், அவர் துடைக்காமல் குடித்தார். மாமியாரும் நிம்மதியாகத் தன் லயத்துக்குப் போய்விட்டார். ஒன்றும் இல்லாதபோது தினம் வந்து பார்க்க என்ன இருக்கிறது?

எனக்குத்தான் அதன் பிறகு ஒன்றும் தெரியாமல் போயிற்று. நெஞ்சில் எரிச்சல் இல்லை. அது அவர் நன்றாக இருப்பதைக் குறிக்கவில்லை. அவர் நன்றாக இல்லாததையும் குறிக்கவில்லை. ஊக்கு இல்லை என்பதைத்தான் குறித்தது. கொழுந்தெடுக்கும்போது பழக்கத்தில் கை சட்டைக்குள் போகும். தோல் வழவழவென்று இருக்கும். அத்தனை மாதமும் அந்தப் புண் வழியாக அவரோடு பேசிக்கொண்டிருந்ததாக நினைத்தேன். பேசியது நிக்கல். இதை யாரிடம் சொல்வது? ஆறிவிட்டதே, அப்புறம் என்ன என்பார்கள்.

தீபாவளிக்கு அவர் வந்தார். கொஞ்சம் கறுத்து, உடம்பு இறுகி. விழவில்லை, அடிபடவில்லை. இந்த வருடம் முழுக்க ஒரு காய்ச்சல்கூட இல்லை என்றார். புண் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

பண்டிகைக்கு மறுநாள் வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். "இங்க வா புள்ள" என்று குரல் கேட்டது. கையை நீட்டிக்கொண்டு வந்தார். உள்ளங்கையில் சிராய். நான் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் எதிரே போய் நின்றேன். இரண்டு விரலால் கயிற்றை இழுத்தார். தாலி மட்டும் வந்தது.

"ஊக்கெல்லாம் எங்க?"

"ஒத்துக்கலங்க. அத்தகிட்ட இருக்கு."

"ஓ" என்றார். கயிற்றை விட்டார். கையைப் பிடித்துக்கொண்டே பக்கத்து லயத்துக்கு, அவர் அம்மாவிடம் நடந்தார். நான் பின்வாசலில் நின்று பார்த்தேன். அங்கிருந்து மாமியார் சிரிக்கிற சத்தமும், "மெதுவா குத்தும்மா" என்கிற இவர் குரலும் கேட்டது.

அவர் சிங்கப்பூர் திரும்பிய பிறகு மாமியாரிடம் ஒரு ஊக்கைக் கேட்டு வாங்கினேன். "ஒனக்கு எதுக்கு அது?" என்று பதறினார். "பொட்டிக்குள்ள வக்கங்கத்த" என்றேன். மழைக்கோட்டின் கிழிந்த பிளாஸ்டிக்கில் விரலளவு வெட்டி, ஊக்கை அதில் சுற்றி, மேலே இரண்டு மடிப்புத் துணி வைத்துச் சுற்றிலும் தைத்தேன். "இங்க வா புள்ள" என்று அவர் கூப்பிட்டால் எடுக்க வசதியாக, ஒரு பக்கம் மட்டும் நூலை இழுத்தால் அவிழ்கிற மாதிரி விட்டேன். அதைத் தாலிக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டேன். குனிந்தால் பிளாஸ்டிக் சரசரக்கும். சில நாள் தோலைப் பயந்து பயந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கொழுந்து மலையில் பெண்கள் கேட்டார்கள், "என்னடி, தாயத்தா?" ஆமாம் என்றேன்.

அடுத்த தீபாவளிக்கு வந்தபோது எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தார். பளபளவென்று வெள்ளை உலோகப் பட்டை. அதைப் பார்த்ததுமே என் மணிக்கட்டு அரிக்கத் தொடங்கியது. கம்பளிச் சட்டையின் கைக்கு மேலே கட்டிக்கொண்டேன். லயத்தில், பெருமையைப் பாரு, வெளியே தெரியக் கட்டுறா என்று பேசினார்கள்.

அந்த முறை அவர் விறகு பிளக்கவில்லை. கையில் எதுவும் ஏறவில்லை. கிளம்புகிற அன்று காலை, நான் குனிந்து அவர் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, கயிறு வெளியே விழுந்தது. அவர் அந்தச் சின்னத் துணிப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன, தாயத்தா?"

"ஆமாங்க."

"நல்லதுதான்" என்று கயிற்றைச் சட்டைக்குள் விட்டார். கம்போங் ராஜா பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.